நமது நாட்டு நாய்கள்

மதுரை மாநகரின் மேற்கு வாயில் என்று காளவாசலைச் சொல்வது பொருந்தும். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளைக்கே தமிழில் காளவாசல் என்று பெயர். இவ்விடத்திலிருந்து மேற்கே புறப்படும் சாலை செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கும், அப்பால் கம்பம் பள்ளத்தாக்குக்கும் செல்கின்றது. தெற்கே புறவழிச் சாலையைப் பற்றிச் சென்றால் பழங்காநத்தம், திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து ராஜபாளையம் சேரலாம். இவ்விரண்டு சாலைகளுக்கும் வேறொரு சிறப்பும் உண்டு. தென்னாட்டின் புகழ்பெற்ற நாய் ஜாதிகள் நான்கும் பிறந்து வளர்ந்த பூமிக்கு வழிகாட்டுவன இவையே. மேற்கே கோம்பை, தெற்கே ராஜபாளையம், அதனை அடுத்த கரிசற்காட்டிலே சிப்பிப்பாறையும் கன்னியும். யாவும் மதுரையிலிருந்து அரைப்பொழுதுப் பயணத்தில் அடையத் தக்கவை.

ஆயினும், காலையிலும் மாலையிலும் நகரத்துத் தெருக்களில் எஜமானர்களுடன் உலாவ வரும் நாய்களைச் சற்றே உற்று நோக்குங்கள். லாப்ரடார், அல்சேஷியன், பொமரேனியன், பக் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வரும். பனிக்கட்டி மீது வண்டியிழுக்கப் பிறந்த ஸைபீரிய ஹஸ்கி கூட, பெயரிலேயே சூளையைத் தாங்கிய நமது ஊர்களின் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைக் காணலாம். வாயிற்படியிலே விளைந்த செல்வத்தை விட்டுவிட்டு, கண்காணாத தேசத்துப் பொருளுக்குப் பெருந்தொகை கொடுக்கும் பழக்கம் நம் ஜனங்களிடம் துணியிலும் பண்டத்திலும் மட்டுமன்றி நாயிலும் இருக்கின்றது. இதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது அவசியமென்று கருதுகின்றோம்.

அந்நிய நாட்டு நாய்களின் மீது நமக்கு யாதொரு துவேஷமும் இல்லை என்பதை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். விசுவாசத்துக்குத் தேச எல்லை கிடையாது. கேள்வி வேறு. நமது சீதோஷ்ணத்துக்கும், வீட்டுக்கும், கைப்பொருளுக்கும் இசைந்த நாய் எது? நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பேணி உருவாக்கிய ஜாதிகளின் கதி இனி என்ன? இவையே நாம் நேயர்களின் முன் வைக்க விரும்பும் விஷயங்கள்.

பழைய உறவு

தமிழர்க்கும் நாய்க்கும் உள்ள உறவு நேற்று உண்டானதன்று. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்று நம் மொழியில் நாய்க்கு வழங்கிய பெயர்கள் பலவாகும். பழகாத பொருளுக்கு இத்தனை பெயர்களை எந்த மொழியும் சூட்டுவதில்லை. யானையின் நட்பைக் காட்டிலும் நாயின் நட்பே மேலானது என்று நாலடியார் அறிவுறுத்துகின்றது. அறிந்திருந்தும் பாகனைக் கொல்வது யானை. தன் உடலில் வேல் எறிந்தவனிடமும் வாலைக் குழைப்பது நாய் என்பது அதன் கருத்து. தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை அறியாதார் இலர். பைரவ மூர்த்தியின் வாகனமும் நாயே.

இவற்றினும் அரியதொரு சான்று திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் இருக்கின்றது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், எழுந்த நடுகல் அது. ஆநிரை காக்கும் போரிலே உயிர் நீத்த வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில், அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் அக்கல்வெட்டு பொறித்து வைத்திருக்கின்றது. போர்க்களங்களில் மாண்ட எத்தனையோ மனிதர்களின் பெயர் மறைந்து போயிற்று. ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது. செய்ந்நன்றியை மதிக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

நான்கு ஜாதிகள்

இப்போது நமது பக்கத்து நாய்களின் லட்சணங்களைக் கவனிப்போம்.

நான்கினுள் பெரும் புகழ் வாய்ந்தது ராஜபாளையம். பாலின் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், மடிந்த காதுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். தோளளவு உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டம் துரவுகளின் காவலுக்கும் இதனை வளர்த்தார்கள். பாளையக்காரர்களின் நாய் என்ற பொருளில் ஆங்கிலேயர் இதனைப் ‘போலிகர்’ நாய் என்று அழைத்தனர். எஜமானிடம் குழந்தையைப்போல் ஒட்டிக்கொள்ளும். அந்நியர் தொடுவதைச் சிறிதும் சகியாது. பல பேரிடம் கொஞ்சிக் குலாவும் நாயை வேண்டுவோர்க்கு இது ஏற்றதன்று. தனித்த வீட்டுக்கும் பெரிய தோப்புக்கும் இதனினும் நல்ல காவலாளி கிடைப்பது அரிது.

கோம்பை நாய், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது. தேனி ஜில்லா பிரிவதற்கு முன்பு இவ்வூர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இதனை மதுரைச் சீமையின் சொந்த நாய் என்றே சொல்லலாம். செம்மண்ணின் நிறம், கரிபூசினாற்போன்ற முகம், உருண்டு திரண்ட உடற்கட்டு, பிடித்ததை விடாத தாடை. வளர்த்தியில் ராஜபாளையத்துக்குக் குறைந்தாலும் வலிமையில் குறைந்ததன்று. மலையிலிருந்து இறங்கும் பன்றியையும் சிறுத்தையையும் எதிர்த்து ஆடு மாடுகளைக் காக்க வேண்டிய இடத்தில் பிறந்த நாய்க்கு அஞ்சாமை சுபாவமாய் அமைந்ததில் வியப்பில்லை.

சிப்பிப்பாறை, விருதுநகர் ஜில்லாவில் அதே பெயருடைய கிராமத்தைத் தாயகமாகக் கொண்டது. மழை குறைந்த கரிசல் வெளியிலே முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்று உருவான நாய் இது. கூரிய முகம், ஒடுங்கிய இடை, வில்லைப்போல் வளைந்த முதுகு, மெல்லிய தோல், ஒட்ட வெட்டினாற்போன்ற ரோமம் ஆகியவை சிறப்பியல்புகள். மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி வேட்டையாடுவது இதன் முறை. தூரத்தில் ஒரு புல் அசைந்தாலும் இதன் தலை திரும்பும். விலா எலும்பு தெரிவதைக் கண்டு சோறு போடாத வீட்டு நாய் என்று அயலார் எண்ணுவதுண்டு. ஓடப் பிறந்த உடலுக்குக் கொழுப்பு பாரம் என்பதை அவர்கள் அறியார்.

கன்னி நாயும் இதே வேட்டைக் குலத்தைச் சேர்ந்தது. மேலே கறுப்பும், முகத்திலும் கால்களிலும் செம்பழுப்பும் கொண்ட நாய்களை இப்பெயரால் வழங்குவர். மணம் முடித்துச் செல்லும் பெண்ணுக்குப் பிறந்தகத்தார் சீதனமாகக் கொடுத்தமையால் கன்னி என்ற பெயர் வந்தது என்று கிராமத்தார் சொல்லுவார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே ஜாதியின் இரு நிறங்களே என்பாரும் உளர். வெவ்வேறு என்று வாதிடுவாரும் உளர். வழக்கு எவ்வாறு தீர்ந்தாலும் இதன் குணத்தில் கருத்து வேற்றுமை இல்லை. கூச்சம் மிகுந்தது, வீணாகக் குரைக்காது, கடுஞ்சொல்லுக்கே வாடிப்போகும், வேட்டையைக் கண்டவுடன் வேறொரு பிராணியாக மாறிவிடும்.

எந்த ஊருக்கு எந்த நாய்?

ஜனங்கள் லாப்ரடாரை ஏன் நாடுகின்றார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. சாதுவான சுபாவம், குழந்தைகளிடம் பொறுமை, சொன்னதை விரைவில் கற்கும் புத்தி ஆகியவை அதன் நற்குணங்கள். அல்சேஷியனின் கூர்ந்த அறிவை உலகத்துப் போலீஸ் இலாகாக்கள் யாவும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சிறிய வீட்டில் குடியிருப்போர் பக் போன்ற சிறு நாயை விரும்புவதும் இயல்பே. 2003-ம் வருஷத்தில் ஒரு செல்பேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் தோன்றிய பக் நாய் நாடெங்கும் அந்த ஜாதிக்கு ஏற்படுத்திய கிராக்கி எல்லோரும் அறிந்ததே.

ஆனால் நாய் என்பது படத்தில் மட்டும் வாழ்வதன்று. மனிதனைப்போல் மேனியெல்லாம் வியர்த்துத் தணிந்துகொள்ளும் வசதி நாய்க்கு இல்லை. வாயைத் திறந்து இரைப்பதன் மூலமாகவே பெரும்பாலும் தன் உஷ்ணத்தை அது போக்கிக்கொள்ள வேண்டும். பக் நாயின் மூக்கும் சுவாசப் பாதையும் மனிதன் செய்த தேர்வினாலே குறுகிப்போனவை. சாதாரண நாளிலேயே குறட்டை விட்டு மூச்சு வாங்கும் அப்பிராணி, மதுரையின் கோடையை எவ்வாறு தாங்கும்? இரட்டை ரோமப் போர்வை கொண்ட ஹஸ்கிக்குக் குளிர்சாதன அறை வேண்டும். மின்சாரம் நின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. லாப்ரடாரோ உண்ணுவதில் பெருவிருப்பம் உடையது. ஓட்டமின்றி மாடி வீட்டில் அடைத்து வைத்தால் பருத்துப்போய் மூட்டு நோயால் வருந்தும்.

நம் நாட்டு நாய்கள் இந்த வெயிலிலேயே வார்த்தெடுக்கப்பட்டவை. குட்டை ரோமமும், மெல்லிய தோலும், கொழுப்பற்ற தேகமும் உஷ்ணத்தை எளிதில் வெளியேற்றுகின்றன. கம்பங்கூழும் மோரும் வீட்டார் உண்ட மிச்சமும் கொண்டு கிராமத்தார் இவற்றை வளர்த்து வந்தார்கள். செலவு குறைவு. நோயும் ஒப்பிட்டால் குறைவு. 2020 ஆகஸ்டு 30-ம் தேதி பிரதம மந்திரி தமது வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வளர்ப்புச் செலவு குறைந்த இந்திய நாய்களையே வாங்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும்.

இவற்றின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. வேட்டை நாய்க்கு நாள்தோறும் ஓட்டம் வேண்டும். பூனையும் கோழியும் குறுக்கே ஓடினால் கட்டுப்படுத்துவது கடினம். ராஜபாளையத்தையும் கோம்பையையும் குட்டிப் பருவத்திலேயே மனிதர்களிடமும் பிற நாய்களிடமும் பழக்கப்படுத்தாவிட்டால் பிற்பாடு துன்பம் நேரும். இரண்டு அறை உள்ள வீட்டில் கட்டிப்போட்டு வளர்க்க நினைப்போர், சுதேசி அபிமானத்தின் பேரால் கூட இவற்றை வாங்கலாகாது. அது அபிமானம் ஆகாது, வதையே ஆகும்.

தொழில் இழந்த வேட்டைக்காரர்கள்

இனி, விஷயத்தின் மர்மத்துக்கு வருவோம். ஒரு நாய் ஜாதியை உண்டாக்குவது அதன் தொழில். சிப்பிப்பாறையின் காலை முயல் படைத்தது; கோம்பையின் தாடையைப் பன்றி படைத்தது. ஓட முடியாத நாய்க்கு வேட்டைக்காரன் குட்டி எடுக்கமாட்டான். இவ்வாறு தொழிலே தேர்வாளனாக இருந்து ஜாதியைச் செம்மையாக வைத்திருந்தது. 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டிற்று. அது செய்யத்தக்க காரியமே. காட்டையும் விலங்கையும் காப்பதற்கு அச்சட்டம் இன்றியமையாதது. அதைத் தளர்த்த வேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்லோம். ஆனால் சட்டம் இயற்றியவர்கள் வேட்டை நாயின் பிற்கால ஜீவனத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டின் பொருட்டு அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் திரண்ட இளைஞர் கூட்டம், நாட்டு மாடு என்ற சொல்லுக்குப் புதிய மதிப்பைத் தந்தது. நாட்டு நாயும் அந்த மதிப்பில் பங்கு பெற்றது. எனினும் காளைக்கும் நாய்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. காளைக்கு வாடிவாசல் திரும்பக் கிடைத்தது, நாய்க்கு வேட்டைக்காடு திரும்பக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆகவே புதிய தொழிலைத் தேடித் தரவேண்டிய கடமை நம்முடையது.

வெண்மைக்குக் கொடுத்த விலை

தொழில் விட்ட இடத்தை அழகு பிடித்துக்கொண்டது. அதன் விளைவு ராஜபாளையத்தில் பிரத்தியட்சமாகத் தெரிகின்றது. மாசற்ற வெண்மையே ஜாதியின் சுத்தம் என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது. கறுப்போ பழுப்போ கலந்து பிறந்த குட்டிகளைக் கண் திறக்குமுன்பே அழித்துவிடும் கொடிய வழக்கமும் இருந்து வந்தது. மூக்கின் இளஞ்சிவப்புக்கும் தோலின் வெண்மைக்கும் காரணம் நிறம் தரும் உயிரணுக்களின் குறைவு. அதே வகை உயிரணுக்கள் உட்செவியின் இயக்கத்துக்கும் அவசியமானவை. ஆதலின் தூய வெள்ளைக் குட்டிகளுள் பல பிறவிச் செவிடாகப் போகின்றன. மேனாட்டு டால்மேஷியன் நாய்களிடமும் இதே ஊனம் உண்டு. காவல் நாய்க்குக் காது கேட்கவில்லையென்றால் அதன் வெண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இத்துடன், குறுகிய வட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதால் பலவீனம் பெருகுகின்றது. மறுபுறம், சந்தையின் கிராக்கியைக் கண்டு வேற்று ஜாதி நாய்களோடு கலந்து, பெயரை மட்டும் நாட்டு நாய் என்று சொல்லி விற்போரும் தோன்றிவிட்டனர். ஒரு பக்கம் நெருங்கிய உறவில் இணைத்தலும் மறுபக்கம் கண்மூடிக் கலத்தலும் நேர்ந்தால் எந்த ஜாதிதான் நிலைக்கும்?

பிறர் காட்டிய வழி

தொழில் போனாலும் ஜாதியைக் காக்க முடியும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு. மேனாட்டு மோகத்தில் தம் நாய்கள் மறைவதைக் கண்ட ஜப்பானியர், 1928-ல் அவற்றின் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கம் கண்டனர். 1931-ல் அகிதா நாயையும், 1936-ல் ஷிபா நாயையும் நாட்டின் இயற்கைச் சின்னங்களாக அவர்கள் சர்க்கார் பிரகடனம் செய்தது. இறந்துபோன எஜமானுக்காக ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து 1935-ல் உயிர்விட்ட ஹச்சிகோ என்னும் அகிதாவின் கதையை இன்று உலகமே அறியும். அயர்லாந்தில் ஓநாய்கள் ஒழிந்தபின் ஓநாய் வேட்டை நாயும் அழியும் நிலைக்கு வந்தது. 19-ம் நூற்றாண்டில் காப்டன் கிரஹாம் என்பவர் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து அதற்கு மறுவாழ்வு அளித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? அண்டை நாடான கர்நாடகத்தில், பாகல்கோட் ஜில்லா திம்மாபூரில் முதோல் நாய்க்கென்று ஆராய்ச்சி நிலையமே நடைபெறுகின்றது. நமது ராணுவத்தார் 2016-ல் முதோல் நாய்களை மீரட்டுக்குக் கொண்டுசென்று பயிற்சி கொடுக்கத் தொடங்கினர். வேட்டைக்குப் பிறந்த கண்ணும் காலும் நாட்டின் காவலுக்குப் பயன்படும் என்பதை அது காட்டிற்று.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சர்க்காரின் கால்நடை இலாகா சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென ஒரு பெருக்க நிலையத்தை 1980-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தியது. 2005 ஜனவரியில் தபால் இலாகா இந்திய நாய்கள் நான்கின் படங்களோடு தபால்தலைகள் வெளியிட்டபோது, ராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் ஜாதிகள் மூன்று. அவற்றுள் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இரண்டு, மூன்றாவது முதோல். தியடோர் பாஸ்கரன் அவர்கள் 2017-ல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூலும் இத்துறையில் ஒரு பெரும் கைங்கரியமாகும்.

செய்யத் தக்கவை

முதலாவது, நாயை வாங்குவோர் நிறத்தையும் பெயரையும் பாராமல் குணத்தையும் ஆரோக்கியத்தையும் பார்க்க வேண்டும். குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பவில்லையானால் வளர்ப்பவரைக் காரணம் கேளுங்கள். தாயையும் தகப்பனையும் காட்டும்படி கேளுங்கள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்பது 2017-ம் வருஷத்து விதி. அதற்குமுன் தாயைவிட்டுப் பிரித்த குட்டியை எவர் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். வாங்குவோர் கண்டிப்பாக இருந்தால் விற்போர் தாமே திருந்துவர்.

இரண்டாவது, வளர்ப்போர் நிறமுள்ள ராஜபாளையக் குட்டிகளை இழிவாகக் கருதுவதை விட்டொழிக்க வேண்டும். காது கேட்கும் நாய்களை மட்டும் இணை சேர்ப்பதும், வம்சாவளியை எழுதி வைப்பதும், தூரத்து ஊர்களின் நாய்களோடு ஜாதி மாறாமல் இணைப்பதும் அவசியம். செலவு அதிகம் பிடிக்கும் காரியங்கள் அல்ல இவை.

மூன்றாவது, சர்க்கார் கவனிக்க வேண்டியது. தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஒன்று கோம்பைக்கு அருகில். மற்றொன்று கரிசற்காட்டுக்கு அருகில். அந்தந்த ஜாதியை அதன் சொந்த ஊரிலேயே, வழிவழியாக வளர்த்து வரும் குடும்பங்களைக் கொண்டே பேணுவதற்கு இக்கல்லூரிகள் துணை நிற்றல் வேண்டும். செவிப் பரிசோதனையும் வம்சப் பதிவும் ஏழை வளர்ப்பாளருக்கு இலவசமாகக் கிடைக்கட்டும். போலீஸ், வன இலாகாக்களில் நாட்டு நாய்களுக்கு இடம் அளித்தால், இழந்த தொழிலுக்கு ஈடான கௌரவமான தொழில் அவற்றுக்குக் கிட்டும்.

இறுதியாக, பெயரே இல்லாத ஒரு நாட்டு நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவரும் தேர்ந்தெடுக்காமல், வெயிலும் பசியும் மட்டுமே தேர்ந்தெடுத்த தெருநாய் அது. அறிவிலும் உடலுறுதியிலும் எந்த உயர்ந்த ஜாதிக்கும் அது இளைத்ததன்று. வெறிநோய்க்குத் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து, ஒரு தெருக்குட்டியை வீட்டிலே சேர்த்துக்கொள்பவர் நாய்க்கும் நகரத்துக்கும் ஒருங்கே உபகாரம் செய்தவராவார். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய அயல்நாட்டு நாயை நோய் கண்டவுடன் தெருவில் அவிழ்த்து விடுவோரும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்கள் எந்த நாயையும் வளர்க்கத் தகுதியற்றவர்கள்.

கோவிவனின் பெயரைக் கல்லில் வெட்டிய ஜனங்களின் வழித்தோன்றல்கள் நாம். அதன் குலத்தைச் சேர்ந்தவை இன்று நம் சாலைகளின் கோடியிலே, காரை வீட்டுத் திண்ணைகளிலும் தோட்டத்துக் கொட்டில்களிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இப்போது கவனியாமற் போனால் அடுத்த தலைமுறையினர் அவற்றைத் தபால்தலையில் மட்டுமே காண்பார்கள். காலம் கடந்துவிடவில்லை, ஆனால் தாமதிக்கவும் இடமில்லை.